பெடரல் பக்கம் தூக்கிய கை

1987இல் ஸ்காபரோவில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் காலணிக்கு அடி ஒட்டிக்கொண்டிருந்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அவளைக் கனடாவுக்குக் கூப்பிட, எனக்கு நிரந்தர வேலை என்று தொழிற்சாலைக் கடிதம் வேண்டும். நிரந்தரமாக்கிய பிறகு தருகிறேன் என்று மனேச்சர் இழுத்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து, ஒட்டாவாவில் இருக்கிற மத்திய அரசாங்கம் அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்து இறக்குமதி வரியை எடுக்கப்போகிறது என்றார்கள். வரி போனால் வெளிச் சப்பாத்து மலிவாக வந்து இறங்கும். எங்கள் தொழிற்சாலைக்குப் பூட்டு. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் அரசாங்கம் விடமாட்டோம் என்று கத்தியது.

ஒரு மத்தியானம் ஒன்ராறியோ சட்டசபை உறுப்பினர் ஒருவர் எங்கள் கன்ரீனுக்கு வந்தார். பேசிக்கொண்டே போனவர், இங்கே யாராவது பெடரல் பக்கம் நிற்கிறீர்களா என்று நக்கலாகக் கேட்டார். அவருடைய இங்கிலீசில் எனக்கு விளங்கிய ஒரே சொல் பெடரல். கையைத் தூக்கினேன்.

ஊரில் பெடரல் என்றால் எங்கள் தமிழர் பக்கம். கொழும்பிடம் அதிகாரத்தைப் பிரித்துத் தா என்று கேட்கிற பக்கம். அப்பா அதற்காக அடி வாங்கியவர்.

கன்ரீன் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த, என்னோடு வேலை செய்கிற மானிப்பாய் ஊர் அண்ணை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இறக்கடா, விசரா! இஞ்சை பெடரல் எண்டால் கொழும்பு!"

"அப்ப பேசுற உவர் ஆர்?"

"உவர் மாகாணம். வாயைப் பொத்து!"

தையல் பகுதிப் போர்த்துக்கீசக்காரி, ஒட்டாவாவிலேயே போய் வேலை கேள் என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். மனேச்சர் கதவடியில் நின்று முறைத்தான். கடிதம் போச்சு என்று நினைத்தேன். வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எழும்பினேன்.

"சேர், யூ கான் ஸ்டொப் ஒட்டாவா? யெஸ் ஓர் நோ?"

அவர் நெடுநேரம் பேசினார். அண்ணை காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தார்: போராடுவாராம், வழக்குப் போடுவாராம். யெஸ் வரவில்லை. எப்படி வரும்? எல்லையில் வரி வாங்குகிறவன் ஒட்டாவாக்காரன். இவரிடம் இருந்தது வாய் மட்டும். போர்த்துக்கீசக்காரிக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். பிறகு அவள் என்னைத் திட்டவில்லை.

அடுத்த நாள் வேலை தொடங்கமுதல் மனேச்சரின் அறைக்குப் போய், கடிதம் தந்தால்தான் இங்கிருந்து போவேன் என்று நின்றேன். அண்ணையும் பின்னால் வந்து நின்றார்.

"எனக்கும் ஒண்டு கேளடா, பெடரல்."

மனேச்சர் எங்கள் இருவரையும் பார்த்தான். முதல் நாள் அந்த யெஸ் வராததை அவனும் கேட்டிருந்தான். ஆளுக்கொரு தாளைத் தட்டச்சு மெசினில் ஏற்றி, நிரந்தர வேலை என்று அடித்துக் கையெழுத்து வைத்தான். பூட்டப்போகிற இடத்தில் நிரந்தர வேலை என்பது பொய் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மை காயமுதல் வாங்கிக்கொண்டு வந்தேன்.