நாதன் அண்ணன் இல்லாத சராசரி

நாதன் பிள்ளை போய்விட்டார். இன்று விடிகாலை, மலாக்கா காஜா பெராங்கில் இருக்கும் அவர் வீட்டில், தூக்கத்திலேயே.

அவர் மகன் போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது வெட்கம். இந்த வயதிலும் காது சுடுகிறது...

இளைய நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். மலாக்கா டவுனில் ஓர் அரசாங்க ஆபீஸ். நானும் அவரும் புள்ளிவிவரப் பகுதியில் கிராணிகள், குமாஸ்தா வேலை. இரண்டு பேருக்கும் ஒரே மேஜை, ஒரே கணக்கு மெஷின். நான் எண்களை வாசிப்பேன், அவர் கைப்பிடியைச் சுற்றுவார்.

அவர் மலாக்கா சிட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட தமிழ் வம்சம். பேர் தமிழ்ப் பேர், கும்பிடுவது நம் சாமி, வீட்டில் பேசுவது மட்டும் அவர்களுடைய மலாய். தமிழ் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வரும். அதை வைத்து நாங்கள் கிண்டல் செய்யாத நாளே கிடையாது. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் கிராணிகள் எல்லோரும் மலாய்ப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் துவான், அதாவது மேலதிகாரி, புள்ளிவிவரக் கோர்ஸ் முடித்துவிட்டுச் சூட்டோடு வந்திருந்தவர். கை சும்மா இருக்குமா?

சீட்டுக் குலுக்கி எங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குப் புத்தகம், இலக்கணம். இன்னொன்றுக்கு வெறும் பேச்சுப் பழக்கம். கடைசியில் பரீட்சை வைத்து, இரண்டு சராசரியையும் டி-டெஸ்ட் போட்டு ஒப்பிடுவாராம். பேச்சு வகுப்பு நிஜமாகவே மேல் என்று கணக்கு சொன்னால் அது தொடரும். இல்லையென்றால் எல்லோரும் புத்தகத்துக்குப் போக வேண்டியதுதான்.

நாதன் அண்ணன் எங்கள் பேச்சுக் கூட்டத்தில் விழுந்தார். எங்களுக்கு லாட்டரி விழுந்த மாதிரி. "அண்ணே, ஒங்களுக்கு எதுக்குப் படிப்பு? நீங்கதான் எங்க சராசரி லா!" என்று ஆறுமுகம் தோளைத் தட்டினார்.

அண்ணனும் நம்பிவிட்டார் போல... படிக்கவே இல்லை. கோப்பி நேரம் முழுக்க எங்களுக்காக மலாயில் நடிப்பார். ஐ.சி. அடையாள அட்டையைத் தொலைத்த கிழவியாக வருவார், மூக்கைச் சிந்துவார், நாங்கள் மலாயிலேயே பதில் சொல்லி அவரைச் சமாளிக்க வேண்டும். எங்கள் வாய் திறந்ததே அவரால்தான். நாங்கள் உளறினால் அவர் ஒருநாளும் சிரித்ததில்லை.

ரிசல்ட் வந்தது. கடைசி மார்க் அவருக்கு.

பரீட்சை கேட்டது ஆபீஸ் மலாய். அவர் எழுதியது அம்மாவிடம் பேசுகிற மலாய். வாய்மொழித் தேர்வில் வெளியூர் அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். இது வெளியே காத்திருந்தவர்கள் சொன்னது.

கணக்குப் போட உட்கார்ந்தோம். வழக்கம்போல நான் வாசிக்க, அவர் சுற்ற. அவருடைய மார்க் வந்ததும் என் குரல் தானாக இறங்கிவிட்டது. "குவாட் சிக்கிட்" என்றார். சத்தமாக வாசி என்று.

டி-டெஸ்ட் இரண்டு சராசரிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று மட்டும் பார்க்காது. உள்ளே மார்க்குகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்றும் பார்க்கும். அண்ணனின் அந்த ஒரே மார்க் எங்கள் சராசரியைக் கீழே இழுத்தது, சிதறலைப் பெரிதாக்கியது. இரண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று விடை வந்தது. பேச்சு வகுப்பு போச்சு.

ஆறுமுகம் மேஜை பக்கத்திலேயே நின்றுகொண்டு சொன்னார், தமிழில்.

"அந்தாள எடுத்துட்டுப் போட்டுப் பாரேன்யா. பேருதான் தமிழு, நம்ம ஆளா அவரு? பொறந்ததுலேர்ந்து மலாய் பேசுறவரு, படிக்கிற கூட்டத்துல எதுக்கு லா?"

அண்ணனுக்குப் புரியாது என்ற தைரியம். அந்த தைரியம் எங்கள் எல்லோருக்குமே இருந்தது.

துவானிடம் கேட்டோம். பிறவியிலேயே மலாய் பேசுகிறவரைச் சேர்த்திருக்கக் கூடாதுதான், எடுத்துவிடுங்கள் என்றார். நியாயம்தான். அண்ணன் முதல் மார்க் வாங்கியிருந்தால் அந்த நியாயம் எங்களில் யாருக்காவது தோன்றியிருக்குமா?

நான் கைப்பிடியை வாங்கப் போனேன். அவர் விடவில்லை. "தாக் அப்பா. குவா புஞா, புவாங் சஜா" என்றார். பரவாயில்லை, என்னுடையதைத் தூக்கிப் போடு.

அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்சம் தமிழ் தெரியும், தம்பி."

அவரேதான் சுற்றினார். அவர் இல்லாத எங்கள் சராசரி ஏறியது, சிதறல் சுருங்கியது. வித்தியாசம் நிஜம் என்று விடை வந்தது. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார்... அன்று சாயந்திரம் செண்டோல் கடையில் ஒரே கும்மாளம்.

அண்ணனும் வந்தார்! எங்களோடு உட்கார்ந்து, தேங்காய்ப்பாலில் ஐஸ் போட்ட அந்தச் செண்டோலைக் குடித்தார். நான் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அப்புறம் புத்தகத்தை வாங்கித் தனியாகப் படித்து அடுத்த தடவை பாஸ் பண்ணினார். தீபாவளிக்குத் தீபாவளி நான் அவர் வீட்டுக்குப் போய் வந்தேன். அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. எடுக்க எனக்கு முகம் இல்லை.

இன்று மத்தியானம் செங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து என் மகள் காரில் அங்கே கூட்டிப் போனாள். அண்ணனின் மகன் என் கையைப் பிடித்து, பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, மலாயில் சொன்னார்.

இவர்தான் அந்த அங்கிள். தாத்தா ஆபீஸ் பரீட்சைக் கதை சொல்வாரே... "கித்தா புஞா குரூப் மெனாங்."

நம்ம குரூப் ஜெயிச்சது. வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்.

பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார்கள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய...

நாளைக் காலை எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

நல்லபடியாகப் போங்கள், அண்ணே.