இடப்பக்கக் கதவு

ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி நின்றவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். மகள் கவிதா. மருமகன் குமார். என் தம்பி மணியம், கிளேபாங்கில் சாப்பாட்டுக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டு ராஜா. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

“உங்கம்மா எங்க?” என்று கவிதாவைக் கேட்டேன்.

கவிதா குமாரைப் பார்த்தாள். மணியம்தான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். “அண்ணே, இங்க வந்துமா சண்ட? அண்ணி பாவம்லா.”

எனக்கு விளங்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ வெளியே போனார்கள்.

அன்று காலை வீட்டில் சட்டை போடும்போது இடது கை ஏறவில்லை. அதுதான் முதல் அறிகுறி. பேச்சும் குழறியது. கவிதா காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனாள். பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்து, உடம்பில் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். எனக்கு அடைப்பு மூளையின் வலப்புறம். ஆகவே இடது கையும் காலும் போயின. அது எல்லாருக்கும் தெரிந்தது. கூடவே போன இன்னொன்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். தமிழர்.

“ஐயா, எந்த வருஷம் பொறந்தீங்க?”

“மெர்டேக்கா வருஷம். நாட்டுக்குச் சுதந்திரம் கெடச்ச அம்பத்தேழு.”

“சரியா சொல்றீங்க. என்ன வேலை?”

“லோரி ஓட்டுறேன். ஆயர் குரோ ஃபேக்டரிங்களுக்கு அட்டப்பெட்டி ஏத்துவேன்.”

“உங்க வீட்டுக்காரம்மா எங்க நிக்கிறாங்க?”

“அவ வரல.”

டாக்டரம்மா ஒரு தாளில் வட்டம் போட்டு, கடிகார எண்களை எழுதச் சொன்னார். எழுதினேன். பன்னிரண்டையும் வலது பாதிக்குள்ளேயே நெருக்கி எழுதியிருந்தேனாம். எனக்கு அது முழுக் கடிகாரமாகத்தான் தெரிந்தது.

இதற்குப் பெயர் இடப்புறப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்காதது) என்றார்.

என் மனைவி சரோஜா இரண்டு நாளும் இடப்பக்கம்தான் நின்றிருந்தாள். என் இடது கையைப் பிடித்துக்கொண்டு. அவள் வேறு எங்கே நிற்பாள்? தாலி கட்டியதும் என் இடப்பக்கம் மாறி உட்கார்ந்தவள். கோயிலில் அர்ச்சனைக்கு நின்றாலும் அங்கேதான். லோரியிலும் எனக்கு வலது பக்கம் ஸ்டியரிங், அவளுக்கு இடது சீட்டு.

அதற்கு முன் சில நாட்களாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வயசாகிவிட்டது, லோரியை விற்றுவிடுங்கள் என்றாள். நான் மாட்டேன் என்றேன். அந்தக் கோபத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அவள் எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா விளக்கிச் சொல்லியும் நம்பவில்லை. “கைய புடிச்சிக்கிட்டு நிக்கிறவள ஒரு மனுசனுக்குத் தெரியாதா?” என்று கவிதாவிடம் கேட்டாளாம்.

வீட்டுக்கு வந்தோம். குளிப்பாட்டினாள், துடைத்தாள், உடுத்திவிட்டாள். கேட்டதற்கு மேல் பேச்சு மட்டும் இல்லை. நான் தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிட்டு, “இன்னிக்குப் பொரியல் இல்லயா?” என்பேன். பொரியல் இடது ஓரத்தில் இருக்கும். “வெச்சிருக்கு. வேணான்னா உடுங்க” என்பாள்.

வீட்டார் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கை வராதது எல்லாருக்கும் தெரியும். இது தெரியாது. கோபம் மாதிரியே இருக்கும்.

உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மா, இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். கவிதா தன்னுடைய வீடியோ கேமைத் தொலைக்காட்சியில் போட்டாள். சண்டை இல்லாத கேம். ஆளில்லாத ஒரு பெரிய வீடு. அறைக்கு அறை ஒரு புதிர். புதிரை அவிழ்த்தால் கதவு திறக்கும். நடக்கிற ஆளின் உருவம் தெரியாது. அவன் கண்ணுக்குத் தெரிவதுதான் நமக்கும் தெரியும். லோரிக்குள் உட்கார்ந்து முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்கிற மாதிரி. எனக்குப் பிடித்துப்போனது.

விளையாடும் கருவியில் கட்டைவிரலுக்கு இரண்டு குமிழ். இடது குமிழ் நடக்க. வலது குமிழ் திரும்பிப் பார்க்க. என் இடது விரல் அசையாது.

“ம்மா, இடது குமிழ நீங்க புடிங்க. நீங்க நடங்க, அப்பா பாக்கட்டும்” என்றாள் கவிதா.

“எனக்கு அடுப்புல வேல இருக்கு.”

“கொஞ்ச நேரம்தாம்மா.”

உட்கார்ந்தாள். வழக்கம்போல எனக்கு இடப்பக்கம்.

“நேரா போ” என்றேன்.

“போறேன்.”

“நில்லு. நில்லுன்னா நிக்கணும்.”

“நின்னுட்டேன்லா. இது என்ன, உங்க லோரியா?”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். முதல் இரண்டு அறையைத் தாண்டினோம்.

மூன்றாவது அறையில் ஒரு விளக்கு. கண்ணாடிகளைத் திருப்பி அதன் வெளிச்சத்தைக் கதவின் மேல் விழவைக்க வேண்டும். கண்ணாடிகளைச் சரியாகத்தான் திருப்பினேன். வெளிச்சம் பாதி வழியில் காணாமல் போனது.

“இந்த ரூமுக்குக் கதவே இல்ல. கேம் கெட்டுப்போச்சு” என்றேன்.

“இந்தா இருக்கே கதவு. செவப்பா, இவ்ளோ பெருசா.”

“எங்க?”

“பாத்துக்கிட்டே எங்கன்னு கேக்குறீங்க!”

அவள் எழுந்துபோனாள். டக்டக்கென்று ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. நான் வலப்பக்கச் சன்னலைப் பார்த்தேன். ராஜா எங்கள் வாசலில் நான் பிடித்து நடக்கக் கம்பி பொருத்திக்கொண்டிருந்த சமயம் அது.

“ராஜா இன்னும் ஆணி அடிக்கிறாரா?” என்றேன்.

சத்தம் நின்றது.

“நாந்தான் தட்டுறேன். டிவியில. கதவு மேல” என்றாள் சரோஜா. அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது. “ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தானா?”

“எப்படி?”

“நான் நின்னது.”

“நீ எங்க நின்ன?”

சமையலறையில் குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. பிறகு வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

“ம்மா, வலது பக்கம் வாங்க. அங்க இருந்தா அப்பாவுக்குத் தெரியும்.”

“நான் எதுக்கு மாறணும்? என் எடம் இது. அவரு திரும்பட்டும்.”

வலது குமிழை வலப்பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தேன். அறை சுற்றியது. சன்னல் போனது. அலமாரி போனது. வெறும் சுவர் நெடுநேரம் போனது. அப்புறம் சிவப்புக் கதவு வந்தது. வெளிச்சம் முழுவதும் அதன் மேல் விழுந்திருந்தது. கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

“வாங்க” என்றாள். அவள் நடந்தாள். நான் பார்த்துக்கொண்டே போனேன்.

கேமினால் எனக்குக் குணமானது என்று சொல்லமாட்டேன். பயிற்சி தந்த அம்மாவும் மாத்திரையும் காலமும்தான் குணமாக்கின. ஆனால் கேம் இல்லையென்றால் சரோஜாவுக்கு என் நோய் தெரிந்திருக்காது. தொலைக்காட்சியில் என் கண் எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று அவள் பார்த்தாள். கவிதாவுக்கு நன்றி.

அதன்பின் சாப்பாட்டுத் தட்டை அவளே பாதியில் திருப்பி வைப்பாள். மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டினாள். நாடாவைப் பார்க்கும்வரை தலையைத் திருப்ப வேண்டும். இடப்பக்கம் வந்து உட்கார்ந்தால், “வந்துட்டேன்” என்று சொல்லி என் தோளைத் தட்டுவாள். நான் திரும்புவேன். சில நாள், “மெதுவா வாங்க, நான் எங்கயும் ஓடிடல” என்பாள். இந்த நோய் உங்கள் வீட்டிலும் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். செலவில்லை.

இப்போது கோலூன்றி நடக்கிறேன். ராஜா பொருத்திய கம்பி வாசலில் இருக்கிறது. லோரியை விற்றாயிற்று.

முன்பு உடம்பு முழுவதும் கேட்காமலே கூட வரும். இப்போது வலது பாதி வருகிறது. இடது பாதியை நான் போய்க் கூட்டிவர வேண்டியிருக்கிறது. சுவர்க்கடிகாரத்தில் ஏழு முதல் பதினொன்றுவரை இன்றும் தேடித்தான் பார்க்கிறேன். அதனால் மாலை ஆறுக்கு மேல் எனக்கு நேரம் மெதுவாகப் போகிறது. அவசரம் இல்லை.

ஆகவே முதலில் எழுதியதைத் திருத்துகிறேன். ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள்: சரோஜா. கவிதா. குமார். மணியம். ராஜா.

ஐந்து பேர்.