தண்ணி வந்தா யாரு கத்துவா?

மதினி பேச்சை நிறுத்தும் விதம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. என் அண்ணன் மனைவி, வாய் ஓயாத மனுஷி அவள். குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியில், பெண்கள் குளிக்கும் பக்கத்துக்கு எதிரே, நாலு கம்பும் ஒரு தார்ப்பாயுமாக நின்ற கடையில் துண்டும் சோப்பும் சிகைக்காய்ப் பொட்டலமும் விற்றுக்கொண்டிருந்தாள். பேரம் பேசுவாள், திட்டுவாள், கேரளத்துக்காரர்களிடம் பாதி மலையாளத்தில் சிரிப்பாள், பக்கத்து சிப்ஸ் கடை அண்ணாச்சியை வம்புக்கு இழுப்பாள். ஒரு நாள், அச்சன்புதூர்க் கல்யாணத்தில் எனக்கு இரண்டு பந்தியிலும் இடம் கிடைக்காமல் போன கதையை ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். "இவ இலைய இலையப் பாத்துக்கிட்டு நிக்கா, அந்தச் சாம்பார் வாளிக்காரன்…" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். கையில் பாதி மடித்த துண்டு. கண் என் மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எதிரே அருவி வெள்ளையாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. இலேசாக வெயில்கூட அடித்தது. என்ன மதினி என்று நான் கேட்பதற்குள் துண்டைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏ பிள்ளைகளா, வெளிய வாங்க! தண்ணி வருது! வெளிய வாங்கம்மா!" அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம் அது. சிப்ஸ் கடை அண்ணாச்சி கரண்டியால் எண்ணெய்ச் சட்டியின் விளிம்பைத் தட்டத் தொடங்கினார். அடுத்த கடையில் தகரத்தைத் தட்டினார்கள், அதற்கடுத்த கடையில் பலகையை. ஆண்கள் பக்கம் வரைக்கும் அந்தச் சத்தம் ஓடியது. அதைக் கேட்ட பிறகுதான் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தார். தலையில் சோப்பு நுரையோடு பெண்கள் ஓடி வந்தார்கள். யாரும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கடைசிப் பெண் ஏறி வந்து தன் பிள்ளையைத் துவட்ட ஆரம்பித்திருப்பாள், அவ்வளவுதான். செக்கச்செவேலென்று கிளையும் கல்லுமாக, குளிப்பவர்களின் பாதுகாப்புக்குக் கட்டிய வளைவையே தாண்டி விழுந்தது தண்ணீர். மதினி உட்கார்ந்து துண்டை மடித்தபடி, "அந்தச் சாம்பார் வாளிக்காரன் இவளக் கண்டுக்கவே இல்ல, கேட்டுக்கிடுங்க" என்று விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.

எப்படித் தெரிகிறது என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "என்னத்தச் சொல்ல? சத்தம் கனக்கும்ட்டி" என்பாள். இன்னொரு நாள் கேட்டால் மண்வாடை என்பாள். வேறொரு நாள், காற்று சட்டென்று குளிர்ந்து வரும் என்பாள். ஒரு பதிலுக்கும் இன்னொரு பதிலுக்கும் சம்பந்தம் இருக்காது, எனக்கு எரிச்சலாக வரும். அண்ணன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த இரண்டாம் வருஷமே நெஞ்சுவலியில் போய்விட்டான். வடகரை வீட்டில் மூலையில் உட்கார்ந்து அழுவது மதினிக்குச் சரிப்படவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கடையைப் போட்டாள். அன்றிலிருந்து சீசன் தவறாமல் அதே இடத்தில் அருவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் அவள். காரணத்தைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னாளே தவிர, ஒரு நாளும் வீணாகக் கத்தியதில்லை. கேரளத்திலிருந்து வருஷா வருஷம் வருகிறவர்கள்கூட அந்தக் குரலுக்குப் பழகியிருந்தார்கள்.

நான் தென்காசியில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைகிறவள். சில வருஷங்களுக்கு முன் சென்னை நிறுவனம் ஒன்று வந்தது. தென்காசிக் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் தொடங்கி, குற்றாலத்தில் சன்னதி பஜார், அருவிக்கரை வரைக்கும் 'பாரம்பரியப் பாதை' அமைக்கப் போவதாகச் சொன்னார்கள். கருங்கல் தளம், ஒரே மாதிரியான பெயர்ப் பலகைகள், அருவிக்கு வண்ண விளக்கு, நடப்பவர்களுக்குப் பாட்டு. உள்ளூர் ஆள் வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரத வீதியில் சாக்கடையைத் தாண்டித் தாண்டியே பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தத் தெரு அழகாகட்டும் என்று ஆசைப்பட்டது தப்பா? இன்றைக்கும் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அருவிக்கரையை அளந்தபோது மதினியின் கடை, அண்ணாச்சியின் கடை, அந்த வரிசை முழுவதையும் 'காட்சியை மறைக்கும் தற்காலிகக் கடைகள்' என்று எழுதிச் சிவப்புக் கோடு போட்டதும் இதே கைதான். வழியில் எங்கே நின்றாலும் அருவி மறைவில்லாமல் படத்தில் விழ வேண்டும் என்று நிறுவனத்தார் விரும்பினார்கள். கடைக்காரர்களில் யாரையும் நிறுவனத்தார் ஏமாற்றவில்லை. வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால், ஓடு வேய்ந்த அங்காடியில் எல்லோருக்கும் இடம் உண்டு. அங்கிருந்து அருவி தெரியாது, சத்தமும் கேட்காது.

அலுவலகத்தில் வரைந்து முடித்த வண்ணப்படத்தை மதினியிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். படத்தில் நீல வானம், வெள்ளை அருவி, வெயிலில் கூலிங்கிளாஸ் போட்டு நடக்கும் குடும்பங்கள். "நல்லாத்தான் வரஞ்சிருக்க. இதுல மழையே பெய்யலியேட்டி" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்டார்கள். ரத வீதிக் கடைக்காரர்கள் படியை இடிப்பீர்களா, பந்தலைப் பிரிப்பீர்களா என்று சண்டை போட்டு ஓய்ந்த பிறகு, பின்வரிசையிலிருந்து மதினி எழுந்தாள். மைக் கொடுக்கப் போனவரை வேண்டாமென்று கையமர்த்திவிட்டு, "எங்களத் தூக்கி எங்கன வேணும்னாலும் வைங்க. தண்ணி வந்தா யாரு கத்துவா? அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. நிறுவனத்தின் தலைமை ஆள் சிரிக்கவில்லை, மரியாதையான மனிதர். அருவிக்கு மேலே கேமரா வைக்கிறோம், தண்ணீர் ஏறினால் சைரன் ஒலிக்கும் என்று விளக்கினார். "கரண்டு போனா?" என்றாள் மதினி. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இங்கே அடிக்கடி மின்சாரம் போகுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த ஒரு நிமிஷத்தை நான் எத்தனை தடவை திரும்பத் திரும்ப நினைத்திருக்கிறேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மலையில் காற்று கிளம்பினால் மரம் கம்பியில் விழும், கரண்டு போகும். தென்காசியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் சென்னைக்காரர் முன்னால் என் ஊரைப் பட்டிக்காடு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. "அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்போ போறதே இல்லை" என்றேன். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். சைரனுக்கென்று தனி பேட்டரி வைக்கும் யோசனை பட்டியலில் இருந்தது. அடுத்த வாரம் அது பட்டியலில் இல்லை. சைரன், விளக்கு, பாட்டு எல்லாம் ஒரே இணைப்பில் வந்தன. அந்த இணைப்புக்கான கோட்டை வரைந்தவளும் நான்தான். மதினி மண்டபத்தை விட்டு இறங்கும்போது என்னைப் பார்த்து, "ஒனக்குத் தெரியாதாட்டி?" என்று மட்டும் கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு மதினி என்று பேச்சை மாற்றினேன்.

பாதை திறந்தது. அழகாக இருந்தது, பொய் சொல்வானேன். மதினிக்கு அங்காடியில் இருப்புக்கொள்ளவில்லை. தோளில் நாலு துண்டைப் போட்டுக்கொண்டு அருவிக்கரைக் கம்பிவேலி அருகே வந்து நின்றுவிடுவாள். உரிமம் இல்லாமல் விற்கிறாள் என்று காவலாளிகள் விரட்டுவார்கள். "விக்கலப்பா, சும்மா நிக்கேன்" என்பாள். துண்டு இல்லாமல் வரலாமே என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, ஏறி வருகிற பிள்ளைக்குக் குளிரினால் எதைக் கொடுப்பது என்று கோபித்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் தளத்தில் கல் பெயர்ந்திருப்பதைப் பார்வையிடப் போயிருந்தேன். மலையுச்சி தெரியவில்லை. கீழே சாரல்கூட இல்லை. திடீரென்று கரண்டு போய்ப் பாட்டு பாதியில் நின்றது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் 'ஓ'வென்று கூச்சல் போட்டார்கள், விளையாட்டுக்குத்தான். அதற்குள் மதினியின் குரல் கேட்டது. "தண்ணி வருது! வெளிய வாங்கம்மா!" இந்தத் தடவை சட்டியைத் தட்ட அண்ணாச்சி இல்லை, அவர் அங்காடியில் இருந்தார். தகரம் இல்லை, பலகை இல்லை. ஒரு கிழவி துண்டை ஆட்டிக் கத்துவதை நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெண் போனை எடுத்துப் படம்கூடப் பிடித்தாள். மதினி கம்பியைத் தாண்டி உள்ளே இறங்கினாள். கையைப் பிடித்து இழுத்தாள், சடையைப் பிடித்து இழுத்தாள், ஒருத்தியை அறைந்தாள். பயந்துபோய் எல்லோரும் வெளியே வந்தார்கள். தண்ணீர் வந்தபோது உள்ளே மதினி மட்டும்தான் இருந்தாள். காவலாளி ஒருவர் அவள் தோள் துண்டைப் பற்றி இழுத்துக் கரையேற்றினார். பாறையில் அடிபட்டு முழங்காலுக்குக் கீழே சதை பிளந்திருந்தது. சைரன் ஒலிக்கவே இல்லை.

அறிக்கை எழுதச் சொன்னார்கள். 'திடீர் வெள்ளத்தின்போது பயணிகள் அனைவரும் உரிய நேரத்தில் வெளியேற்றப்பட்டனர். பயணிகள், பணியாளர்கள் எவருக்கும் காயமில்லை. பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறை எதுவும் பதிவாகவில்லை.' மதினி பயணியும் இல்லை, பணியாளரும் இல்லை. ஒரு வார்த்தை பொய்யில்லாமல் நான் எழுதிய பெரிய பொய் அது. வேலை போய்விடும் என்று பயந்தேன், வேறென்ன? அந்த அறிக்கையைக் காட்டித்தான் நிறுவனம் அடுத்த ஊருக்கும் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

மதினிக்குச் சர்க்கரை உண்டு. காலில் பட்ட புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை. அவள் வாய் மட்டும் ஓயவில்லை, நர்ஸ் பிள்ளைகளுக்கெல்லாம் என் பந்திக் கதையைச் சொல்லிவைத்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தை மாதம் போய்விட்டாள். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

இந்தச் சீசனுக்கு அவள் மகள் சென்னையிலிருந்து இரண்டு பெண் குழந்தைகளோடு வந்தாள். அம்மா உட்கார்ந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், அருவியில் குளிக்க வேண்டும் என்றாள். மேலே மேகம் நிற்கிறது, வேண்டாம் என்றேன். "அதான் சைரன் இருக்குல்லா அத்தை? நீங்கதான எழுதுனீங்க, ஒரு குறையும் இல்லன்னு" என்று சிரித்தாள். கூடவே போய்க் கம்பிவேலி அருகே நின்றேன். பேட்டரி வைக்கச் சொல்லி நான் அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

அரை மணி நேரம் கழிந்திருக்கும், பாட்டு நின்றது. தண்ணீரைப் பார்த்தேன், வெள்ளை. மூச்சை இழுத்தேன், ஷாம்பு வாடைதான் வந்தது. சத்தம் கனத்ததா? கனத்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இந்த அருவிக்கரையைக் கோடு கோடாக வரைந்தவளுக்கு அருவி என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. கத்தினேன். அண்ணன் மகள் அலறியடித்துப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தாள், இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். எல்லோரும் நடுங்கிக்கொண்டு நின்றோம். தண்ணீர் வெள்ளையாகவே விழுந்தது. கரண்டு வந்தது, பாட்டு தொடர்ந்தது. "என்னம்மா நீங்க" என்று முணுமுணுத்தபடி பெண்கள் திரும்ப இறங்கினார்கள், அண்ணன் மகளும்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கரண்டு போனது. மறுபடியும் கத்தினேன். அண்ணன் மகள் அருவிக்கு அடியில் நின்றபடியே சிரித்துக் கையாட்டினாள், வெளியே வரவில்லை.

அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. துவட்டிக்கொண்டு வண்டிக்கு நடக்கும்போது சின்னவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வருஷமும் வருவார்களாம். "ஆனா நீங்க கத்தக் கூடாது ஆச்சி. எனக்குப் பயமா இருக்கு. சத்தியம் பண்ணுங்க" என்று உள்ளங்கையை நீட்டினாள். அவள் அம்மா பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள். மதினி இருந்திருந்தால் என் கையைத் தட்டிவிட்டிருப்பாள். நான் அந்தப் பிள்ளையின் கையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டேன்.