கழற்றி வைத்த ஒயர்

திருமுல்கேரியில் மாற்றுத்திறனாளிகளுக்கு ரிப்பேர் வேலை சொல்லிக்கொடுத்த அந்த மையத்தில் எங்களைப் பார்த்து ‘பாவம்’ என்று சொல்லாத ஆளே கிடையாது. போலியோ காலோடு ஆறு மாதம் அங்கே போய்வந்தேன். அந்த வார்த்தையைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீடுகளில் வேண்டாமென்று ஒதுக்கிய மிக்ஸிகளைச் சரிசெய்து மறுபடி விற்கப் பழகினோம். அதில் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவள் பக்கத்து மேஜைக்காரி. அவளுக்குக் காது கேட்காது. ஓடுகிற மிக்ஸியின் மேல் உள்ளங்கையை வைப்பாள். எது தேய்ந்திருக்கிறது என்று அதிர்விலேயே கண்டுபிடித்துவிடுவாள். சத்தம் கேட்காதவளுக்கு ரிப்பேர் எப்படி வரும் என்று பயிற்சியாளர் என்னிடமே கேட்டிருக்கிறார், மகா மேதாவி.

பட்டான்செருவிலிருந்து ஒரு சர்வீஸ் சென்டர் மேனேஜர் ஒரே ஒரு ஆளை எடுக்க வந்தார். அவளைப் புருஷன் கைவிட்டிருந்தான். அண்ணன் வீட்டில் தினமும் ஏச்சுப்பேச்சு. இந்த வேலை கிடைத்தால் தனியாக அறை எடுத்துப் போய்விடுவேன் என்று எனக்கு எழுதிக் காட்டியிருந்தாள்.

மேனேஜர் வருவதற்கு முன்பே பயிற்சியாளர் ஓடுகிற மிக்ஸிகளாகப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ஒயரை மட்டும் கழற்றி வைத்தார். எந்த ஒயர் என்றும் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தார். யாரும் தோற்றுவிடக் கூடாதாம், பாவமாம். இதற்குப் பெயர் பரீட்சை.

நான் ஒயரை மாட்டினேன், மிக்ஸி ஓடியது, மேனேஜர் கைதட்டினார். அவளும் மாட்டி ஓடவிட்டாள். மேலே கையை வைத்துப் பார்த்தாள். உடனே நிறுத்திவிட்டு முழுதாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

“நக்கோம்மா, வேண்டாம், அதான் ஓடுதுல்ல, போதும்” என்று பயிற்சியாளர் பல்லைக் கடித்தார். காது கேட்காதவளிடம்தான் சொன்னார்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததை எடுத்து நீட்டினாள். மேனேஜர் அதைப் பார்க்கவே இல்லை, கடிகாரத்தைப் பார்த்தார். நன்றாக ஓடியதைப் பிரித்துப் போட்டுவிட்டாளே என்று உச்சுக்கொட்டினார். வேலை எனக்குக் கிடைத்தது.

பயிற்சியாளர், மேனேஜர் இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன், இன்னும் திட்டுவேன். ஆனால் என் மிக்ஸியும் புஷ் தேய்ந்து கரகரவென்றுதான் ஓடியது. மற்ற மிக்ஸிகளின் இரைச்சலில் அது வேறு யாருக்கும் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. எப்படி ஓடுகிறது என்று மேனேஜர் குனிந்து கேட்டபோது, “ஏ ஒன் சார்” என்று சொல்லிவிட்டு ஸ்விட்சை அணைத்தேன்.