அழிக்கப் போன குரல்

நான் இப்போது வாழும் ஜெர்மானியச் சிற்றூரில், பழுதான பொருளைக் கொடுத்துவிட்டு "சாயந்திரம் வந்து வாங்கிக்கிறேன்" என்று கிளம்பிவிட முடியாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் 'ரிப்பேர் கஃபே' நடக்கும். ஓய்வுபெற்றவர்கள் கூலி வாங்காமல் பழுது பார்ப்பார்கள். ஒரே நிபந்தனை, பொருளுக்கு உரியவர் வேலை முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான். முதியோர் இல்லத்தில் நாள் முழுவதும் பிறரை எழுப்பி உட்காரவைக்கும் எனக்கு, ஒருவர் நாற்காலி இழுத்துப் போட்டுக் காபி கொடுத்தது விசித்திரமாக இருந்தது.

நான் கொண்டுபோனது கட்டைவிரல் அளவிலான பழைய எம்பி3 பிளேயர். கல்லூரிக் காலத்தில், சிங்கப்பூரில் இருந்த மாமா தான் பயன்படுத்திய பிறகு கொடுத்தது. அன்று வேலூர் பிரவுசிங் சென்டரில் அதைச் செருகியபோது, அங்கிருந்த விண்டோஸ் 98 கணினிக்கு அது பிடிபடவே இல்லை. "சிஸ்டத்துக்கு வயசாயிடுச்சுமா. புதுசா யார் வந்தாலும் அடையாளம் தெரியல" என்று சிரித்த கடைக்கார பாய், மாமா தந்த குறுந்தகட்டைப் போட்டு அரைமணி நேரம் மல்லாடித்தான் அதை இயங்கச் செய்தார். இப்போது நிலைமை தலைகீழ். என் புதிய மடிக்கணினி அந்தப் பழைய பிளேயரைத் தெரியாது என்கிறது. குறுந்தகடு எங்கே போனதென்று எனக்கே தெரியாது. பிளேயரின் திரையும் செத்துவிட்டதால், உள்ளே இருப்பதை அதிலிருந்தே அழிக்கவும் வழியில்லை.

அழிக்க வேண்டியிருந்தது. விரிஞ்சிபுரத்தில் என்னோடு பள்ளியில் படித்தவள் சுமதி. (அது அவள் உண்மைப் பெயரன்று. இதை எழுத அவளிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.) நான் சமூகப்பணி முதுகலை படித்தபோது அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் இருந்தாள். உள்ளே செல்போனுக்கு அனுமதியில்லை. கம்பெனி பேருந்தில்தான் பெண்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். என் ஆய்வேட்டுக்காகச் சில நாள் அவளோடு அந்தப் பேருந்தில் போனேன். ஆளுக்கு ஒரு காதில் இருவரும் இயர்போனை மாட்டிக்கொள்வோம். பாட்டுக் கேட்கிறோம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். பிளேயரோ அவள் பேச்சைப் பதிந்துகொண்டிருக்கும். "எழுதி முடிச்சதும் அழிச்சுடணும் டி" என்றாள். அழிப்பதாக வாக்குக் கொடுத்தேன். ஏட்டை முடித்து, மதிப்பெண் வாங்கி, நாடு மாறியும் வந்துவிட்டேன். வாக்கு மட்டும் அப்படியே கிடந்தது.

சென்ற மாதம் தொலைபேசியில் சுமதியிடம், பெட்டியைக் கிளறியபோது அந்த பிளேயர் கிடைத்ததென்று மகிழ்ச்சியாகத்தான் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னும் வச்சிருக்கியா? நான் இப்ப லைன் சூப்பர்வைசர் டி. அதுல பேரு சொல்லித் திட்டியிருக்கேன். அந்தாளு இப்ப எனக்கு மேல மேனேஜர். வெளிய வந்தா என் வேலை போய்டும்."

கல்லால் நசுக்கி எறிந்திருக்கலாம். ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்க ஆசைப்பட்டேன். இங்கே வாரக்கணக்கில் வாய்விட்டுத் தமிழ் பேசாமல் இருப்பவர்களுக்கு அந்த ஆசை புரியும். அது மன்னிப்பாகாது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தக் கூடத்தில் எனக்கு வாய்த்தவர் டீட்டர் என்ற எழுபது வயதுக்காரர். இதற்கென்றே ஒரு பழைய சாம்பல்நிறக் கணினியை வைத்திருக்கிறார்; இணையத்தோடு இணைக்கப்படாதது. பெட்டி நிறைய இருந்த தகடுகளில் நாலைந்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் பிளேயர் திறந்துகொண்டது. என்ன வேண்டுமென்று அவர் கேட்டபோது, "உள்ளே என் தோழியின் குரல் இருக்கிறது" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அழிக்க வந்ததாகச் சொன்னால் இவ்வளவு உழைக்க மாட்டாரோ என்ற தயக்கம். நான் மறைத்ததன் விளைவு உடனே வந்தது. என்னைக் கேளாமலே அவர் முதல் வேலையாக அத்தனையையும் தன் கணினியில் நகலெடுத்துவிட்டார். "முதலில் ஸிஷருங், அதாவது காப்பு நகல்; பிறகுதான் மற்றதெல்லாம். என் பழக்கம் அது. இனி பயமில்லை, உங்கள் தோழி இரண்டு இடத்தில் இருக்கிறார்" என்றார் பெருமையோடு.

உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அவருடைய குரல்தானே? அவரையே கேளுங்கள்" என்று என் கைப்பேசியைக் காட்டினார்.

சுமதியை அழைத்தேன். ஆம்பூர் பேருந்து அவளை விரிஞ்சிபுரத்தில் இறக்கிவிட்டிருந்த நேரம். நடந்ததைச் சொன்னதும், "யாரு டி அந்தத் தாத்தா?" என்று பதறினாள். பிறகு, "சரி, ஒருவாட்டி போடு. நானும் கேக்கறேன்" என்றாள். கைப்பேசியை ஸ்பீக்கர் அருகே பிடித்தேன்.

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போணும். போனா, அஞ்சு நிமிஷம் இன்னா பண்ணேன்னு எல்லாரு எதிரயும் கத்துவான். அதான் காலைலேர்ந்து தண்ணியே குடிக்கறதில்ல." பேருந்தின் இரைச்சலுக்கு நடுவே இருபத்து மூன்று வயதுச் சுமதி.

"இன்னா டி, கீச்சு கீச்சுன்னு பேசறேன்" என்று கைப்பேசியில் சிரித்தாள். பதிவு முடிந்த பிறகு சிரிப்பு இல்லை. "நேத்து ஒரு பொண்ண நான் இதையேதான் கேட்டேன். அஞ்சு நிமிஷம் இன்னா பண்ணேன்னு."

"ரெண்டையும் அழிச்சுடட்டுமா?" என்று கேட்டேன்.

"உன்னுத அழிச்சுடு. தாத்தாகிட்ட இருக்கறது இருக்கட்டும்."

"மாட்டிக்குவோம்னு பயப்பட்டியே?"

"அதுக்காக அப்படி ஒருத்தி இருந்ததே இல்லன்னு ஆக்கிடணுமா? அங்க யாருக்கும் புரியாதுல்ல?"

"எனக்குப் புரியும்."

"நீ எப்படி டி அந்தக் கணக்குல வருவ? நீ நம்ம ஊரு."

பிளேயரில் இருந்ததை என் கையாலேயே அழித்தேன். பிறர் கணினியில் அவள் வாழ்வை விட்டுவைப்பது சரிதானா என்று இன்னமும் யோசிக்கிறேன். கோப்புறைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்றார் டீட்டர். அவள் பெயரைத் தவிர்த்து, அவள் வேலை பார்க்கும் ஊரைச் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு அவர் தட்ட, திரையிலிருந்த பட்டியல் ஒருமுறை கலைந்து அடங்கியது. அவர் போன ஆல்ப்ஸ் மலைப் பயணத்துக்குக் கீழே, ஆன்னா என்ற பேத்தியின் பிறந்தநாளுக்கு மேலே, அவர்கள் எழுத்தின் அகரவரிசைப்படி தனக்குரிய இடத்தில் ஆம்பூர் நின்றது.