ஈசானிய மூலைக்கு ஏறாத மழை

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி. செருப்பைக் கழற்றவில்லை, காலிங் பெல் அடிக்கவில்லை... நேராகச் சமையலறை வரை வந்துவிட்டது — மழைத்தண்ணீர்!

நைனா கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா இஞ்சினீரு... தண்ணி உள்ள வந்துக்கினே கீது. உன் படிப்புல இதுக்கு இன்னா போட்டுக்கீது?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதிலும் படித்தது சிவில் இஞ்சினீரிங். தினம் ஒரு முறையாவது அதை வீட்டில் ஞாபகப்படுத்துவேன். பிறகு கேள்வி வேறு யாரிடம் போகும்?

சந்திரகிரி பக்கம், எங்கள் தெருவுக்கு மேலே இருந்த மாந்தோப்பு இப்போது 'வெஞ்சர்' — இந்தப் பக்கம் புது மனைப்பிரிவுக்கு அதுதான் பெயர். தோப்பு இருந்தவரை மழையை மண்ணே குடித்துவிடும். சிமெண்ட் சாலை குடிக்குமா? அப்படியே சரிவில் இறக்கி எங்கள் வாசலுக்கு அனுப்பிவிட்டது.

இத்தனைக்கும் அவர்கள் மழைநீர்க் குழி வெட்டாமல் இல்லை. நல்ல ஆழம், ஜல்லி, மணல் எல்லாம் கச்சிதம். வெட்டிய இடம்தான்... மொத்த வெஞ்சரிலேயே மேடான மூலை!

மறுநாள் காலை வெஞ்சர் மேனேஜரைப் பிடித்தேன்.

"ஏன் சார், தண்ணி மேட்டுக்கு ஏறுமா?"

"ஈசானியம் மேடம்! வடகிழக்குலதான தண்ணி இருக்கணும்? தென்மேற்குல குழி தோண்டினா ஓனர் குடும்பத்துக்கு ஆவாது. மனை பாக்க வர்றவங்களும் மொதல்ல போன்ல திசைதான் பாக்குறாங்க."

"பள்ளம் தென்மேற்குலதான கீது?"

"அதுக்குத்தான் மோட்டார் போட்டுக்கீறோம். கீழ நிக்கிற தண்ணிய மேல ஏத்தி குழியில உட்டுடும்."

"நேத்து ஓடுச்சா?"

"மழையில கரண்ட் ஏது மேடம்?"

மண்ணில் குச்சியால் கோடு போட்டுச் சரிவை விளக்கினேன். மரியாதையாகக் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். "நீங்க சொல்றது கரெக்ட் மேடம்... ஆனா எங்க சித்தாந்தி ஒத்துக்க மாட்டாரு" என்றார். சித்தாந்தி என்றால் வாஸ்து பார்ப்பவர். அவருக்கு மேல் அப்பீல் கிடையாது.

வீட்டில் நைனா மாட்டுக் கொட்டகைச் சேற்றை வாரிக்கொண்டிருந்தார். "அடுத்த மழை இன்னும் பெருசா வரும். மாட்ட எங்க கட்டுறது... உன் காலேஜிலயா?"

ஐப்பசி நெருங்குகிறது. சரிவை நிரூபித்து என்ன பயன்? சித்தாந்தி ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு பள்ளம் வேண்டும். இருக்குமா?

இருந்தது! வெஞ்சரின் தாழ்ந்த மூலையில் ஒரு பார்க். மறுபடியும் மேனேஜரிடம் போனேன்.

"சார், பார்க்குக்குத் தனியா காம்பவுண்ட் போட்டா அது தனி இடம்தான? அதுக்குன்னு ஒரு ஈசானியம் இருக்குமா, இருக்காதா?"

மனிதர் போனில் திசை பார்த்துக்கொண்டே பார்க்குக்குள் நடந்தார். அதன் வடகிழக்கு மூலையில் போய் நின்றார் — மேலிருந்து வரும் தண்ணீர் முழுதும் பார்க்குக்குள் நுழைகிற அதே மூலை!

சித்தாந்திக்குப் போன் போனது. திரும்பி வந்தவர் முகத்தில் வெளிச்சம்.

"ஒத்துக்கினாரு மேடம்! இத மொதல்லயே சொல்லக்கூடாதா? சரிவு, கிரிவுன்னு எதுக்குச் சுத்தி வளைச்சீங்க?"

அடுத்து ஜேசிபி பேசியது: பார்க் மூலையில் குழி விழுந்தது.

நேற்று மதியம் நல்ல மழை. தோப்பு குடித்ததில் பாதியைக்கூட அந்தக் குழி குடிக்காது. உண்மையைச் சொல்ல வேண்டும். மீதித் தண்ணீர் தெருவில் ஓடியது. ஆனால் வாசற்படி நனையவில்லை. கொட்டகையில் மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. நைனா குடையோடு தெருமுனையில் நின்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் பொண்ணு வாஸ்து பாத்துக் குடுத்தா!"

இன்று காலை முதல் வாசலில் ஆட்கள். எல்லார் மனைக்கும் நான் ஈசானியம் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

சொல்கிறேனே... சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு!