சிரட்டை போன திசை

என் அண்ணன் சிலுவைக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இனயம் கடற்கரையில் முப்பது வருடமாக வள்ளம் ஓட்டுகிறவர். வலை அறுந்துபோனால் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கடலில் போடுவார். காற்றும் நீரோட்டமும் அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கொஞ்சநேரம் பார்ப்பார். பிறகு நேராகப் போய் வலையைத் தூக்கி வருவார். நானோ தக்கலையில் இங்கிலீஷ் டீச்சர் ஆனதும், “இந்தக் கடப்பொறத்துப் பேச்சோட ஸ்கூல் பக்கம் வராதீங்க” என்று அவரிடமே சொன்னவள். பெரிய மனுஷி!

போன டிசம்பரில் அவர் மகன் சிஜோவின் வள்ளம் கவிழ்ந்தது. கூட இருந்த இருவரை வேறொரு வள்ளம் தூக்கியது. சிஜோ காலி கேனைப் பிடித்தபடி உயிரோடு விலகிப் போனதை அவர்கள் பார்த்தார்கள். அண்ணன் உடனே தேடிப் போனார்; எண்ணெய் தீர்ந்து கரைக்கு வந்தவரை, காற்று பலத்துவிட்டது என்று அதிகாரிகள் மறுபடி கடலில் இறங்க விடவில்லை. தேடும் கப்பலின் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பேச என்னைக் கூப்பிட்டார்கள்.

“ஏட்டி செசிலி, கவிழ்ந்த எடத்துல தேடாண்டாம்னு சொல்லு. சிரட்டை போட்டுப் பாத்தேன், மேக்க போவுது. நாளைக்கு பய இருபது மைலு மேக்க கெடப்பான்.”

சிரட்டையா? அத்தனை ஆபீசர்கள் முன்னாலா? எனக்கு வெட்கம். ‘அண்ணன் மிகுந்த துயரத்தில் இருக்கிறார், நன்றாகத் தேடும்படி கேட்கிறார்’ என்று அழகான இங்கிலீஷில் சொன்னேன். அதிகாரியும் தலையாட்டினார். கவிழ்ந்த இடத்தையே இரண்டு நாள் சுற்றினார்கள்.

மூன்றாம் நாள் கொல்லத்துப் போட்காரர்கள் சிஜோவைத் தூக்கினார்கள். நல்ல மேற்கில். கேனை விடாமல் பிடித்திருந்தான். உயிர் போய் ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை என்றார் டாக்டர்.

போன வாரம் வகுப்பில் ‘லீவே’ (leeway) என்ற இங்கிலீஷ் சொல் வந்தது. சலுகை, விட்டுக்கொடுத்தல் என்று பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். “அது எங்கேருந்து வந்துது டீச்சர்?” என்று பெபிஷா கேட்டாள். அகராதியைப் பார்த்தேன். கப்பல்காரர்களின் சொல்லாம். காற்று ஒரு கப்பலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும் தூரம். அந்தத் தள்ளலுக்கு இடம் விட்டுத்தான் கப்பல் ஓட்டுவார்களாம். சலுகை என்ற பொருள் அதிலிருந்து பிறகு வந்தது. பாவி, அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான்.

இனயத்துக்குப் போனேன். அண்ணன் வலை தைத்துக்கொண்டிருந்தார். சொல்லின் கதையைச் சொன்னேன். அன்று சிரட்டையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

“சொல்லியிருந்தா அந்த ஆபீசருக்கு வெளங்கியிருக்குமா?”

“வெளங்கியிருக்கும் அண்ணா.”

அவர் திட்டவில்லை. ஊசியில் நூலைக் கோத்தார்.

“இனி நீ இங்க வராண்டாம்” என்றார்.